கல்யோவுக்குப் பிறகு

ஐந்து சொற்கள். வாரத்தில் மூன்று மாலை
வியர்வை காயாத நீலப் பாயில் முழங்காலிட்டு
ஒப்பிப்போம்:
யே-உய், யோம்சி, இன்னே, குக்கி.
ஐந்தாவது நீளம், மூச்சு முட்டும்.
மரியாதை, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம், தளராத மனம்
என்று வெண்பலகையில் மாஸ்டர் எழுதியது
அழிந்தும் அழியாமல் கிடக்கிறது,
கீழே யாரோ கீறிய பூனையோடு.

அன்றைக்குக் கல்முனை.
மாவட்டப் போட்டி, நாற்பத்தொன்பது கிலோவுக்குக் கீழ்.
நான் சிவப்பு. அவள் நீலம்.
தலைக்கவசத்துக்குள் கறுப்புத் துணியை இறுக்கி
சாய்ந்தமருது ஹஸ்மியா
குனிந்தாள். நானும் குனிந்தேன்.
குனியும்போதும் அவள் பாதங்களைத்தான் பார்த்தேன்,
எந்தக் கால் முந்தும் என்று.
அவ்வளவுதான் இருந்தது என் மரியாதை.

சிஜாக்.

மூன்றாம் சுற்று. ஆறுக்கு ஆறு.
பதினொரு விநாடி மிச்சம்.
நடுவர் கையை இடையில் வெட்டிக் 'கல்யோ' என்றார்.
கேட்டது.
இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றுகிறேன்:
எனக்கு வடிவாகக் கேட்டது.
கால் ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்று
பிறகு சொல்லிக்கொண்டேன்.
கிளம்பவில்லை. கேட்ட பின்புதான் கிளம்பியது.
அவள் நெஞ்சுக் கவசம் பொத்தென்றது.
சனம் கத்தின கத்தில்
சொல்லும் உதையும் ஒன்றாக விழுந்ததாய் எண்ணி
மூலைகளில் இருந்தவர்கள் பொத்தானை அழுத்தினார்கள்.
எட்டுக்கு ஆறு.

ஹஸ்மியா என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
முடிவில் குனிந்தாள், முந்தியதைவிட ஆழமாக,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

பதக்கத்தோடு அக்கரைப்பற்று பஸ்.
காரைதீவு, நிந்தவூர், வயல், பிறகும் வயல்.
இடது முழங்கால் நோகத் தொடங்கியது.
சீற்றுக் கம்பியில் இடித்திருப்பேன்.
சும்மா, யோம்சி என்று போனில் தேடினேன்.
நேர்மை என்று வரவில்லை.
வெட்கப்படத் தெரிதல் என்று வந்தது.

வெட்கம் எனக்குத் தெரியாத சொல்லா?
வெள்ளை உடுப்போடு சைக்கிளில் போகையில்
தம்பிலுவில் சந்தையில் மரவள்ளி நிறுத்தபடி ஒருத்தி
'ஊருக்கு முன்னால காலைத் தூக்குறாள், வெக்கங்கெட்டவள்'
என்றது தராசுக்கும் கேட்டிருக்கும்.
அந்த வெட்கத்தை ஒவ்வொரு இழையாக உதறித்தான்
பச்சை கட்டினேன், நீலம் கட்டினேன், சிவப்பு கட்டினேன்.
இது வேறு.
யாரும் பாராதது, யாரும் சொல்லாதது.
அட்டாளைச்சேனை தாண்டும்வரை
முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
அவர் முன் சீற்றில் தூங்கினார்,
முதலுதவிப் பெட்டியைக் கட்டிப்பிடித்து.

இரவு பத்தரைக்கு நம்பர் தேடி எடுத்து,
மூன்று தரம் அழித்து எழுதி அனுப்பினேன்:
'அந்த உதை கல்யோவுக்குப் பிறகு.'

இரண்டு நீலக் கோடு.
எழுதுகிறாள். நிற்கிறது. எழுதுகிறாள்.

'தெரியும் புள்ள.
ரெண்டாம் ரவுண்ட்ல உன்ட முழங்கால்ல
வேணுமெண்டுதான் மிதிச்ச நான்.
நீ ரெஃபரிட்ட சொல்லுவ எண்டு பாத்த.
நோகுதா?'

பாவாடையை விலக்கிப் பார்த்தேன்.
கத்தரிப்பூ நிறத்தில், ஒரு குதிக்கால் அளவு.
சீற்றுக் கம்பி பாவம்.
'நோகுது' என்று எழுதினேன்.
'எனக்கும். விலாவுல.'

பதக்கத்தை என்ன செய்வதென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
சனிக்கிழமை சேர்ந்து போய்
மாஸ்டர்மாரிடம் சொல்வதாகப் பேச்சு.
யார் முதலில் வாய் திறப்பது என்பதில் மட்டும்
இன்னும் சண்டை.

புதன்கிழமை, முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பது என் முறை.
யே-உய் என்றேன். யே-உய் என்றார்கள்.
அடுத்த சொல்லில் தொண்டை நின்றது.
நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து
முன்பல் இரண்டும் விழுந்த வெள்ளைப்பட்டி கோபிதன்
கடைசி வரிசையிலிருந்து கத்தினான்:
'யோம்ஷி, அக்கா! யோம்ஷி!'

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
வெண்பலகைப் பூனைக்கு
புதிதாக மீசை முளைத்திருந்தது.